சாவி மேஸ்திரிகிட்ட இருக்கு

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கிறது. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

2018 மே மாதம், கத்தரி வெயில். இரண்டாவது பிள்ளைக்கு நாலு மாதம். துக்க வீட்டுக்குப் போய்விட்டு, வேறு பஸ் பிடிக்க அங்கே இறங்கினேன். பையன் பசியில் கத்துகிறான். அறையைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. கதவைவிடப் பெரிய ஃபிளெக்ஸ். அதில் தலைவர்கள் ஐந்து பேர், தாய் ஒருத்தி. தாயின் முகத்தின் மேல் யாரோ கல்லூரி அட்மிஷன் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கதவில் பூட்டு. நேரக் காப்பாளர் ஜன்னலில் போய்க் கேட்டேன்.

“சாவி மேஸ்திரிகிட்ட இருக்கும்மா.”

“மேஸ்திரி எங்கண்ணே?”

“சாப்பிடப் போயிருக்காரு. ஒரு அரை மணி நேரம் பாருங்க.”

மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். என் மகனும் அதற்குத்தான் வந்திருந்தான்.

ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். ப்ளீச்சிங் பவுடர் மூட்டை இரண்டு, பினாயில் கேன், கால் உடைந்த நாற்காலி, சுவரோரம் வரிசையாகத் துடைப்பங்கள். ஊரில் ஒரு துடைப்பத்துக்காவது தனிமை கிடைத்திருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, டீக்கடை சிமெண்ட் திண்ணையில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுப் பிள்ளையை மடியில் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

“ஏம்மா, மறைவா எங்கனயாச்சும் போய்க் குடுக்கக் கூடாதா? நாலு பேரு வந்து போற எடம்.”

சொன்னவர் அப்போதுதான் அதே பாலூட்டும் அறையின் பக்கச் சுவரில் ஒன்றுக்கு இருந்துவிட்டு, ஜிப்பை இழுத்தபடி வந்துகொண்டிருந்தார். நாலு பேர் வந்துபோகிற இடத்தில் திறக்கத் தகுந்தது எது, தகாதது எது என்று அவருக்குத் தெளிவான கொள்கை இருந்தது. டீக்கடைக்காரரும் தலையை ஆட்டினார். கொள்கை பொதுவானது என்று புரிந்துகொண்டேன்.

அறையைத் திட்டுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யோசனை நல்ல யோசனை. 2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தை ஒட்டி, அன்றைய முதல்வர் ஜெயலலிதா மாநிலம் முழுக்கப் பேருந்து நிலையங்களில் 300-க்கும் மேற்பட்ட அறைகளைத் திறந்துவைத்தார். செய்தியைப் படித்துவிட்டு நானும் சந்தோஷப்பட்டேன். திறந்துவைத்தது உண்மை. பிறகு பூட்டிவைத்ததும் உண்மை. திறப்பதற்கு விழா உண்டு. பூட்டுவதற்கு மேஸ்திரி போதும்.

இந்த மண்ணில் தாய்ப்பாலுக்கு மரியாதை இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. சீர்காழியில் வருஷாவருஷம் சித்திரையில் திருமுலைப்பால் உற்சவம் நடக்கிறது. குளக்கரையில் அழுத குழந்தை சம்பந்தருக்கு உமையம்மை ஞானப்பால் கொடுத்த கதை. பொற்கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்தாளாம். அங்கேயும் மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார் போலிருக்கிறது. புறநானூற்றில் 278-ஆம் பாட்டு இருக்கிறது. பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். மகன் போரில் புறமுதுகிட்டான் என்றால் அவன் பால் குடித்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகும் கிழவியின் பாட்டு. அந்தக் கிழவியை இழுக்காமல் எந்தப் பட்டிமன்றமும் முடிந்ததில்லை. பஸ்ஸில் இடத்தைவிட்டு எழுந்திருக்காத மகன்களுக்காக அவள் என்ன சபதம் செய்வாள் என்று மட்டும் எந்த நடுவரும் சொன்னதில்லை. கண்ணகி இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்தாள். அவளுக்குக் கடற்கரையில் சிலை. 2001-ல் சிலையை எடுத்தபோது தமிழே அழிந்துவிட்டதாகப் பேசினார்கள். 2006-ல் திரும்ப நிறுத்தினார்கள். ஆக, அறுத்தெறிவதாகச் சொன்ன முலைக்குப் பட்டிமன்றம், பிய்த்தெறிந்த முலைக்குச் சிலை. உடம்போடு ஒட்டிக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுக்கிற முலைக்குத்தான் மறைவிடம் தேட வேண்டும்.

சினிமாவில் நாயகன் வில்லனைக் கூப்பிடுவதே “அம்மாகிட்ட பால் குடிச்சவனா இருந்தா வாடா” என்றுதான். குடித்தது வீரம். கொடுத்தது அசிங்கம்.

இன்னொரு காட்சி. எங்கள் தெருவுக்குக் கழுதைப்பால்காரர் வருவார். கழுதையை நடுத்தெருவில் நிறுத்தி, ஆண்களும் பெண்களும் சுற்றி நிற்க, கீழே குந்தி உட்கார்ந்து கறப்பார். ஒரு சங்கு ஐம்பது ரூபாய், குழந்தைக்குச் சளி பிடிக்காதாம், குரல் வளமாகுமாம். தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள். இன்றுவரை யாரும் அந்தக் கழுதையின்மேல் துப்பட்டா போட்டதில்லை. மறைவாகப் போய்க் கறக்கச் சொன்னதில்லை. அதன் மடியை உற்றுப் பார்த்துக்கொண்டு டீ குடித்ததும் இல்லை. கழுதையாகப் பிறந்திருந்தால் எனக்கும் இந்த மரியாதை கிடைத்திருக்கும்.

முதல் பிள்ளை பிறந்தது 2014 ஏப்ரல் கடைசியில். தனியார் நர்சிங் ஹோம், சிசேரியன். அதில் புதுமை ஒன்றும் இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் கத்தி வைத்துத்தான். மயக்கம் தெளிந்து கண் விழித்தால், தொட்டில் பக்கத்தில் பால் பவுடர் டின் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு முன்னால் என் மகளைப் பார்த்தது அதுதான்.

“உங்களுக்கு இன்னும் பால் எறங்கலம்மா, பாப்பா அழுவுது, டாக்டர் எழுதிட்டாங்க” என்றார் நர்ஸ். பிறந்து மூன்று மணி நேரம். முதல் இரண்டு மூன்று நாள் சுரப்பது கொஞ்சம் சீம்பால்தான். அந்தக் கொஞ்சம்தான் அந்தச் சின்ன வயிற்றுக்கு வேண்டியதும். இதை எனக்குச் சொல்ல வேண்டியவர் டின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

சட்டம் இல்லாமல் இல்லை. பால் பவுடர், பால் புட்டி விற்பனையைக் கட்டுப்படுத்த 1992-லேயே சட்டம் வந்தது, 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கூடாது. மருத்துவமனையில் போஸ்டர் கூடாது. மருத்துவருக்குப் பரிசு கூடாது. டின்மேல் குழந்தை படம் கூடாது. அதனால் என்ன, குழந்தை பக்கத்தில் டின்னை வைத்துவிடுகிறார்கள். டாக்டர் சீட்டில் எழுதிவிட்டால் அது விளம்பரம் ஆகாது, வைத்தியம் ஆகிவிடும். டின்மேல் தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். அச்சிட்டிருந்தது. கட்டில் சாய்வில் படுத்துக்கொண்டு நான் அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

இந்த டின் வியாபாரத்தின் யோக்கியதை உலகத்துக்குத் தெரிந்ததுதான். 1981-ல் உலகச் சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்று என்று விற்கிறவர்களுக்கு நெறிமுறை கொண்டுவந்தது. ஆதரவு 118 நாடுகள், எதிர்த்து ஒரே ஒரு வாக்கு. அமெரிக்கா. சந்தனக் கட்டை கடத்துகிறவன்கூட ஓட்டெடுப்பில் இவ்வளவு தைரியமாகக் கை தூக்க மாட்டான்.

வெளியே பெரியவர்கள் இன்னொரு முனையில் வேலையைப் பார்த்தார்கள். ஒன்றுவிட்ட அத்தை சர்க்கரைத் தண்ணீரில் விரலை முக்கிக்கொண்டு சேனை வைக்க நின்றிருந்தார். சித்தி காதோடு சொன்னார்: “மொத மூணு நாள் பாலைப் பீச்சி விட்ரு, மஞ்சளா கட்டியா இருக்கும், புள்ளைக்கி ஆவாது.” மாடு கன்று போட்டால் இதே சித்தி, சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்துத் தெருவுக்கே கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தனுப்புவார். மாட்டுடையது பலகாரம், மருமகளுடையது அழுக்கு.

பிறகு தொடங்கியது பால் தணிக்கை. பார்க்க வந்தவர்கள் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் என் நெஞ்சைப் பார்த்தார்கள். “பால் பத்துதா?” கேட்காத சொந்தம் இல்லை. பெரிய மாமா கேட்டார், வீட்டு ஓனர் கேட்டார், கேஸ் சிலிண்டர் போட வந்த பையன் மட்டும் கேட்கவில்லை. அவன் நன்றாக இருக்க வேண்டும். பூண்டு சாப்பிடு, பால்சுறா புட்டு சாப்பிடு, முருங்கைக்கீரை சாப்பிடு, தண்ணீர் குடிக்காதே, தண்ணீர் நிறையக் குடி. பிள்ளை அழுதால் எனக்குப் பால் இல்லை. அழாமல் தூங்கினால் என் பாலில் சத்தில்லை. காம்பு வெடித்து ரத்தம் கசிய, உதட்டைக் கடித்துக்கொண்டு பிள்ளைக்குக் கொடுத்த அந்த இரண்டு வாரத்தில், வலிக்கிறதா என்று கேட்டது மருத்துவமனையில் பெருக்க வந்த அக்கா ஒருத்திதான். அவர்தான் பிள்ளையின் வாயை எப்படிப் பொருத்துவது என்று காட்டிக்கொடுத்தார். கருவட்டமும் வாய்க்குள் போகணும் கண்ணு, நுனியை மட்டும் கவ்வவிட்டா புண்ணாத்தான் ஆவும் என்றார். பில்லில் அவர் பேர் இல்லை. டின் இருந்தது.

நான் தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். மே மாத விடுமுறை முழுதும் என் பிரசவ விடுப்பில் அடங்கிவிட்டதில் நிர்வாகத்துக்கு ஏகத் திருப்தி. “ப்ளான் பண்ணிப் பெத்துக்கிட்டீங்க டீச்சர், புத்திசாலி” என்று கரஸ்பாண்டன்ட் பாராட்டினார். அன்றைய சட்டப்படி 12 வாரம், அதாவது 84 நாள். 85-ஆம் நாள் ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவில் நின்றேன். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை தர வேண்டும் என்பதும் அதே 1961-ஆம் வருஷச் சட்டத்தில் இருந்தது. கேட்டேன். “பீரியட் யாரு பாப்பாங்க?” என்று திருப்பிக் கேட்டார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. வீடு ஆறு கிலோமீட்டர்.

பால் இறங்குவதற்கு மணி பார்க்கத் தெரியாது. எந்தப் பிள்ளை அழுதாலும் இறங்கும். யார் பெற்ற பிள்ளை என்று அதற்குத் தெரியாது. எங்கள் வகுப்புக்குக் கீழே எல்.கே.ஜி. ஒரு குழந்தை அம்மா என்று கேவினால் போதும், மேலே தொகைநிலைத் தொடர் நடத்திக்கொண்டிருக்கிற எனக்கு நெஞ்சு குத்திக்கொண்டு வரும். வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவேன். மதியம் ஆயாம்மா கெமிஸ்ட்ரி லேப் சாவியை யாருக்கும் தெரியாமல் கொடுப்பார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கல்லாகக் கட்டியிருந்ததை வாஷ்பேசினில் பீச்சி விடுவேன். ஆசிட் வாசனை. பிப்பெட்டும் பியூரெட்டும் வரிசையாக நிற்கும். வெள்ளையாகச் சுழன்று ஓட்டைக்குள் போகிறதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அந்நேரம் வீட்டில் என் மகள் டின் பாலைக் குடித்துக்கொண்டிருப்பாள்.

அந்த ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஊர்ச் சங்கம் ஒன்று எங்கள் பள்ளியில் பேச்சுப் போட்டி வைத்தது. தலைப்பு: ‘தாய்ப்பாலின் மகத்துவம்’. நடுவர் யார்? தமிழ் டீச்சர்தான். முதல் வரிசையில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து லேப் பக்கம் போக முடியவில்லை. ஆயாம்மாவுக்குப் பந்தல் வேலை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கையை வீசி வீசி அமுதம் என்றான், அருமருந்து என்றான், அதைத் தராத தாய் தாயே அல்ல என்றான். கைதட்டல் ஓயவில்லை. மூன்றாவது பேச்சாளர் வரும்போது ரவிக்கை நனைந்து புடவைக்கு ஏறிவிட்டது. முந்தானையைச் சுற்றிப் போர்த்தினேன். நாலாவது பேச்சில், மாறுவேடப் போட்டிக்காகப் பாரதமாதா வேஷம் போட்டு மேடையோரம் உட்காரவைத்திருந்த எல்.கே.ஜி. குழந்தை அழ ஆரம்பித்தது. அவ்வளவுதான்.

மதிப்பெண் தாள் நனைந்தது. ‘உச்சரிப்பு’ என்ற கட்டத்தில் மை பரவிவிட்டது. சிறப்பு விருந்தினர் அந்தப் புறநானூற்றுக் கிழவியை மேடைக்கு அழைத்து வந்திருந்த நேரம். கரஸ்பாண்டன்ட் குனிந்து என்னிடம், “டீச்சர், போய் ஏதாச்சும் போத்திக்கிட்டு வாங்க, கெஸ்ட் இருக்காங்க” என்றார். முதல் பரிசு அந்தக் கைவீச்சுப் பையனுக்கு. பரிசுப் பொருள் ஊட்டச்சத்து பானப் பொடி டப்பா.

நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டிருந்தேன் அவனுக்கு. உச்சரிப்பு நன்றாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி காய்ச்சல். நெஞ்சில் நெறி கட்டி, தொட்டால் உயிர் போகிற வலி. மாமியார் பாவம், என் கஷ்டம் பொறுக்காமல்தான் சொன்னார்: “போதும்டி. மல்லியப்பூ வச்சுக் கட்டு, வத்திரும்.” வீட்டுக்காரர் கால் கிலோ உதிரி மல்லி வாங்கிவரப் போனார். பூக்காரம்மா கேட்டிருக்கிறார், “வீட்ல விசேஷமா?” ஆமாம் என்று சொல்லிவிட்டாராம், வேறென்ன சொல்வது. நாலு நாள் பூவை மாற்றி மாற்றிக் கட்டினேன். பால் வற்றியது. மகளுக்கு அப்போது நூறு நாள் முடிந்திருந்தது. அன்றிலிருந்து நான் தலையில் மல்லிகை வைப்பதில்லை. கல்யாண வீட்டில் கேட்கிறவர்களுக்குத் தலைவலி என்று சொல்லிவிடுவேன்.

2017-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 26 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம், அங்கே தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்வரலாம். பெரிய சீர்திருத்தம்தான். எங்கள் பள்ளியில் ஆசிரியர்களும் ஆயாக்களும் டிரைவர்களுமாக எழுபது பேருக்குக் குறையாது. பதிவேட்டில் மட்டும் நாற்பத்தொன்பதைத் தாண்டவே தாண்டாது. ஐம்பதாவது ஆள் எப்போதும் ‘கெஸ்ட்’. இரண்டாவது பிள்ளை என்றதும் என்னை அன்பாக உட்காரவைத்து, “ரிசைன் பண்ணிட்டுப் போங்க, அடுத்த வருஷம் புதுசா எடுத்துக்கறோம்” என்றார்கள். புதிதாக எடுத்தார்கள், புதிய சம்பளத்தில். அந்த வேலையில்லாக் காலத்தில்தான் மகனுக்கு வயிறாரக் கொடுத்தேன். அப்படியாக, பால் கொடுக்க வேண்டுமானால் வேலையை விட வேண்டும், வேலை வேண்டுமானால் பூ வாங்க வேண்டும்.

அடுத்த தெரு அரசுப் பள்ளியில் அதே ‘தொகைநிலைத் தொடர்’ நடத்துகிற ஆசிரியைக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் சம்பளத்தோடு விடுப்பு. அவரைப் பார்த்துப் பொறாமை இல்லை. அவர் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் வயிறு ஒன்றுதானே என்றுதான் கேட்கிறேன். நானாவது டீச்சர். நடவுக்குப் போகிறவள், சித்தாள், செங்கல் சூளைக்காரி, பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவள், இவர்களில் பலருக்கு 84 நாளும் கிடைப்பதில்லை, 26 வாரமும் கிடைப்பதில்லை. முத்துலட்சுமி ரெட்டி பேரில் அரசு தரும் 18,000 ரூபாய் உண்டு, அதுவும் தவணையில், அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக. துணிக்கடைப் பெண்கள் வேலை நேரத்தில் உட்காரவே 2021-ல் இந்த மாநிலம் சட்டம் போட வேண்டியிருந்தது. உட்கார்ந்து பால் கொடுக்கிற சட்டத்துக்கு இன்னும் எத்தனை ஆட்சி ஆகுமோ.

அதே குடும்ப நல ஆய்வு சொல்கிறது: தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் மருத்துவமனைப் பிரசவம், மார் தட்டிக்கொள்கிறோம். ஆறு மாதத்துக்குள் இருக்கிற குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவை 55 சதவீதம். நாட்டின் சராசரியே 64. இதைச் சொன்னால் உடனே, இந்தக் காலத்துப் பெண்களுக்கு அழகு கெட்டுப்போய்விடும் என்ற கவலை என்பார்கள். ஆமாம். மேஸ்திரியிடம் சாவி இருப்பதும், கரஸ்பாண்டன்ட் நாற்பத்தொன்பது வரை மட்டும் எண்ணுவதும், தொட்டில் பக்கத்தில் டின் உட்கார்ந்திருப்பதும் எங்கள் அழகுணர்ச்சியால்தான்.

என் அப்பாவைப் பெற்ற பாட்டி ஒன்பது பெற்றவர். ரவிக்கை போட்டதில்லை. வரப்பில், திண்ணையில், சந்தைக்குப் போகிற மாட்டுவண்டியில், பிள்ளை அழுத இடத்தில் கொடுத்தார். எவனும் மறைவு கேட்டதில்லை. அது பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஒன்பதில் நாலுதான் மிஞ்சியது. ஆனால் பால் கொடுத்ததற்காக அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. 2025 பிப்ரவரியில் இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் உட்கார்ந்து, பொது இடத்தில் தாய் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்று எடுத்துச் சொல்ல வேண்டிவந்தது. அரசியல் சட்டத்தையெல்லாம் புரட்டித்தான் சொன்னார்கள். கழுதைக்கு எந்தக் கோர்ட்டும் தேவைப்படவில்லை.

சமீபத்தில் அதே பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தேன். மகனுக்கு இப்போது மீசை வரையத் தெரியும், கண்ணாடியில் மையால். அறைக்குப் புதிதாக ரோஸ் கலர் அடித்திருக்கிறார்கள். ஃபிளெக்ஸில் முகங்கள் மாறியிருக்கின்றன. பூட்டும் மாறியிருக்கிறது, பழையதைவிடப் பெரிது. பக்கச் சுவர் மட்டும் மாறவில்லை, ஈரமாகவே இருந்தது. ஜன்னலில் போய்க் கேட்டேன். என் கையில் குழந்தை இல்லாததால் எதற்கு என்றார்கள். சும்மா பார்க்க என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, மேஸ்திரிகிட்ட இருக்கு என்றார்கள்.

இதைப் படிக்கிற ஐயாமார்களே, உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலும் அந்த ரோஸ் கதவு இருக்கும். அடுத்த தடவை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரு தரம் தள்ளிப் பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று நீங்கள் போய்க் கேளுங்கள், சத்தமாக, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. பிள்ளையை வைத்திருக்கிறவளுக்கு அங்கே நின்று கேட்க நேரமில்லை.